ஹாமில்டன் சிற்பத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நியூஜெர்சியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும், நயாகராவும் நியூயார்க்கும் பார்த்து முடித்தபின் நான் அழைத்துச் செல்லும் இடம் ஹாமில்டனில் உள்ள ‘கிரவுண்ட்ஸ் ஃபார் ஸ்கல்ப்சர்’ என்னும் திறந்தவெளிச் சிற்பத் தோட்டம். கிளம்புவதற்கு முன்பும், அங்கே நடக்கும்போதும், திரும்பும் வழியில் காரிலும் வருகிற ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றேயாக இருப்பதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்தேன். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது என்ன இடம்? பூங்காவா, அருங்காட்சியகமா?

இரண்டும்தான். நியூஜெர்சி மாநிலத் தலைநகரான ட்ரென்டனை ஒட்டிய ஹாமில்டனில், முன்பு மாநிலப் பொருட்காட்சி நடந்துவந்த திடலில், 42 ஏக்கர் பரப்பில் இந்தத் தோட்டம் அமைந்துள்ளது. பொருட்காட்சிக் காலத்துக் கட்டடங்கள் சில இன்றும் காட்சிக்கூடங்களாகப் பயன்படுகின்றன. தோட்டத்தில் 250-க்கும் மேற்பட்ட சிற்பங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை மரங்களுக்கும் குளங்களுக்கும் புல்வெளிகளுக்கும் இடையே வெட்டவெளியில் நிற்கின்றன.

இதைத் தோற்றுவித்தவர் சீவர்ட் ஜான்சன் (1930–2020) என்னும் சிற்பி. ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரின் பேரன். 1974-இல் சிற்பிகளுக்காக ஒரு வார்ப்புப் பட்டறையை நிறுவிய அவர், அங்கே உருவாகும் சிற்பங்கள் மக்களின் கண்ணில் படுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்று எண்ணி 1992-இல் இந்தத் தோட்டத்தைத் திறந்தார். மனே, மோனே, ரெனுவார் போன்ற இம்ப்ரெஷனிசக் கால ஓவியர்களின் படங்களைத் தழுவி அவரே வெண்கலத்தில் செய்த சிற்ப வரிசை ஒன்றும் இங்கே இருக்கிறது; பின்வரும் கேள்விகளில் பல அதைப் பற்றியவை.

இம்ப்ரெஷனிசம் என்றால் எனக்கு ஒன்றும் தெரியாது. போனால் புரியுமா?

புரியும். எனினும் இரண்டு செய்திகளை மட்டும் தெரிந்துகொண்டு போனால் கண்ணுக்குக் கூடுதலாகப் பலன் கிடைக்கும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸில் இருந்த ஓவியர்கள் சிலர், புராணக் காட்சிகளையும் மன்னர்களின் வெற்றிகளையும் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விருந்து, ஆற்றங்கரைப் படகுப் பயணம், தோட்டத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் குடும்பம் என்று தம் கண்முன் நடந்தவற்றைத் தீட்டத் தொடங்கினார்கள். பலர் பட்டறையை விட்டு வெளியே வந்து, வெயிலிலும் காற்றிலும் நின்று, ஒளி மாறுவதற்குள் விரைவாக வண்ணத்தைத் தொட்டுத் தொட்டு வைத்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் வெறும் வண்ணத் திட்டுகளாகத் தெரிவது, நாலடி தள்ளி நின்றால் நீராகவும் இலையாகவும் மாறும்.

1874-இல் அவர்கள் தாங்களாகவே கூடி நடத்திய முதல் கண்காட்சியில் மோனேயின் ‘இம்ப்ரெஷன், சூரியோதயம்’ என்ற படம் இடம்பெற்றது. அந்தத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பத்திரிகையாளர் கேலியாக எழுதியதிலிருந்தே இம்ப்ரெஷனிஸ்டுகள் என்ற பெயர் நிலைத்தது. இவ்வளவு போதும், மீதியைத் தோட்டமே சொல்லிக்கொடுக்கும்.

மனே, மோனே என்று மாற்றி மாற்றிச் சொல்கிறீர்களே, இருவரும் ஒருவரா?

இல்லை. எதுவார் மனே (1832–1883) மூத்தவர். குளோத் மோனே (1840–1926) இளையவர். பெயர் ஒலியில் உள்ள ஒற்றுமை அவர்கள் காலத்திலேயே குழப்பம் தந்திருக்கிறது. மனே மனிதர்களை, குறிப்பாக நம்மை நேருக்கு நேர் பார்க்கும் மனிதர்களை, தீட்டியவர். மோனே ஒளியையும் நீரையும் தீட்டியவர். மனே இம்ப்ரெஷனிஸ்டுகளின் குழுக் கண்காட்சி எதிலும் கலந்துகொள்ளவில்லை. ஆனாலும் அவர் வழி திறந்திராவிட்டால் மற்றவர்கள் நடந்திருக்க முடியாது என்பதால் அவர் பெயரும் சேர்ந்தே சொல்லப்படுகிறது. தோட்டத்தில் நீங்கள் பார்க்கப்போகும் குளக்கரை விருந்துச் சிற்பம் மனேயின் படத்தைத் தழுவியது, அல்லிக்குளமும் பாலமும் மோனேயை நினைவூட்டுபவை என்று நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

அங்கே உள்ள எல்லாச் சிலைகளும் ஓவியங்களைப் பார்த்துச் செய்தவைதானா?

அல்ல. இதை முன்கூட்டியே சொல்லாமல் அழைத்துப் போனால் சிலர் ஏமாற்றம் அடைகிறார்கள். ஓவியங்களைத் தழுவிய சிற்பங்கள் சீவர்ட் ஜான்சன் செய்த ஒரு வரிசை மட்டுமே. தோட்டத்தின் பெரும்பகுதி, எந்த உருவத்தையும் ஒத்திராத உலோக வடிவங்களும் கல் வடிவங்களுமாக, இக்காலச் சிற்பிகள் பலரின் படைப்புகளால் ஆனது. புரூஸ் பீஸ்லியின் ‘டோரியன்’ மெருகேற்றிய துருப்பிடிக்காத எஃகால் ஆனது. வானமும் புல்லும் அதன் பரப்பில் துண்டு துண்டாகத் தெரியும். கார்லோஸ் டோரியன் கருங்கல்லில் செதுக்கிய ‘நைன் மியூசஸ்’, கலைத்தேவியர் ஒன்பது பேரின் கூட்டம். மக்தலேனா அபகானோவிச் என்ற போலந்துச் சிற்பி பெரும் பாறைகளைக் கொண்டு ‘ஸ்பேஸ் ஆஃப் ஸ்டோன்’ என்ற வெளியை அமைத்திருக்கிறார்.

ஜான்சன் செய்தவற்றிலும் இன்னொரு வகை உண்டு: பெஞ்சில் அமர்ந்து செய்தித்தாள் படிப்பவர், தோட்டவேலை செய்பவர் என்று நாம் அன்றாடம் கடந்து செல்லும் மனிதர்களை ஆளளவில் வார்த்தவை. உயிருள்ள ஆள் என்று எண்ணி அருகில் சென்று பேசியவர்களை நான் அழைத்துப் போன கூட்டத்திலேயே பார்த்திருக்கிறேன்.

எப்படிப் போவது? எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

நியூயார்க்குக்கும் பிலடெல்பியாவுக்கும் இடையில் இருப்பதால் இரு பக்கத்திலிருந்தும் காலையில் கிளம்பி மாலையில் திரும்பலாம். ரயிலில் வருவோர் நியூஜெர்சி டிரான்சிட்டின் நார்த்ஈஸ்ட் காரிடர் தடத்தில் ஹாமில்டன் நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து வாடகைக் காரில் சில நிமிடப் பயணம். நுழைவுச்சீட்டை இணையத்தில் நேரம் குறித்து முன்பதிவு செய்துகொள்ளுங்கள். வாரத்தில் எல்லா நாளும் திறந்திருக்கும் என்று எண்ணிக் கிளம்பிவிடாமல், திறக்கும் நாளையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம் என்று வருகிறவர்கள் பாதியில் திரும்புகிறார்கள். மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தோட்டத்தின் பாதைகள் வேண்டுமென்றே வளைந்து செல்பவை. மூங்கில் புதருக்குப் பின்னும் தாழ்ந்த கிளைக்கு அப்பாலும் சிற்பம் ஒளிந்திருக்கும். வரைபடத்தைக் கையில் வைத்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போகிறவரைவிட, சந்து தெரிந்த பக்கமெல்லாம் நுழைந்து பார்க்கிறவருக்கே இங்கே அதிகம் கிடைக்கிறது.

எந்தப் பருவத்தில் போவது நல்லது?

ஒருமுறைதான் போக முடியும் என்பவர்களுக்கு நான் சொல்வது ஜூன் மாதம். அல்லி பூத்திருக்கும், வெயிலும் தாங்கும்படி இருக்கும். அல்லியைப் பார்க்க வேண்டுமானால் மாலை வரை காத்திருக்க வேண்டாம். குளிர்நாட்டு அல்லி வகைகள் காலை ஏறியபின் விரிந்து பிற்பகல் சாயும்போது கூம்பிவிடும். அக்டோபர் கடைசியில் இலைகள் நிறம் மாறும்போது தோட்டம் வேறொன்றாகிவிடுகிறது. குளிர்காலத்தில் இலையுதிர்ந்த மரங்களுக்கு இடையே, கோடையில் கண்ணில் படாத சிற்பங்கள் வெளியே வருகின்றன. உறைபனி பெய்த மறுநாள் வெண்கல மனிதர்களின் தொப்பி விளிம்பிலும் தோளிலும் பனி படிந்திருப்பதைப் பார்ப்பதற்கென்றே வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஓவியத்திலிருந்து வந்த சிற்பங்களில் எவற்றைத் தவறவிடக் கூடாது?

முதலில், ‘வேர் யூ இன்வைட்டட்?’ ‘உங்களை அழைத்தார்களா?’ என்று பொருள்படும் இத்தலைப்பு கொண்ட சிற்பம், ரெனுவார் 1880–81-இல் தீட்டிய ‘படகு விருந்தினரின் மதிய உணவு’ என்ற ஓவியத்தைத் தழுவியது. ஸேன் ஆற்றின் தீவு ஒன்றில், ஷாத்து என்னும் ஊரில், ஃபூர்நேஸ் குடும்பத்தார் நடத்திய உணவகத்தின் மாடத்தில் நடந்த விருந்து அது. ஓவியத்தில் 14 பேர் இருக்கிறார்கள்: பின்னாளில் ரெனுவாரின் மனைவியான அலீன் நாய்க்குட்டியைக் கொஞ்சிக்கொண்டிருக்கிறார், நாற்காலியைத் திருப்பிப் போட்டு அமர்ந்திருப்பவர் ஓவியர் கைபொத், கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நிற்பவர் உணவக உரிமையாளரின் மகன். இத்தனை பேரையும் மேசை, புட்டி, கோப்பை, பழம் ஆகியவற்றோடு ஜான்சன் முழு உருவில் நிறுத்தியிருக்கிறார். அத்தோடு நிற்காமல், ஓவியத்தில் இல்லாத இன்னொரு மேசையில் தம்மையும் தம் நண்பர்களையும் உட்கார வைத்திருக்கிறார். தலைப்பில் உள்ள கேள்வி அவருக்கும் பொருந்தும், பார்க்க வந்த நமக்கும் பொருந்தும்.

அடுத்தது, ‘முன்பே பார்த்த மதிய உணவு’ என்று பிரெஞ்சில் பொருள்படும் ‘தேஜூனே தேஜா வூ’ (1994). மனேயின் ‘புல்வெளியில் மதிய உணவு’ (1863) என்ற படம் இங்கே குளத்தங்கரை மரநிழலில் விரிந்திருக்கிறது. இதற்குப் பக்கத்திலேயே, மோனே பிரான்சின் ஜிவெர்னி என்னும் ஊரில் தம் வீட்டில் அமைத்த அல்லிக்குளத்தையும் பாலத்தையும் நினைவூட்டும் குளம். மோனே 1893-இல் அங்கே நிலம் வாங்கி, சிற்றாற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி நீர் கொண்டுவர முயன்றபோது, அயல்நாட்டுச் செடிகள் தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று ஊரார் எதிர்த்தார்கள். அந்தக் குளம்தான் பின்னர் அவருடைய கடைசி முப்பது ஆண்டு ஓவியங்களுக்கும் ஊற்றாயிற்று. ஓவியம் தீட்டுவதற்காக ஒரு தோட்டத்தை உண்டாக்கியவர் அவர். அந்த ஓவியங்களைப் பார்த்து மறுபடியும் ஒரு குளத்தை வெட்டியிருக்கிறார்கள் இங்கே.

இவை தவிர, மோனேயின் ‘குடையுடன் ஒரு பெண்’ (1875) படத்தைத் தழுவிய ‘ஆன் பாப்பீட் ஹில்’ சிற்பத்தையும், அவருடைய ‘சாந்த் அத்ரெஸ் தோட்டம்’ (1867) படத்தைத் தழுவிய ‘இஃப் இட் வேர் டைம்’ சிற்பத்தையும் தேடிப் பாருங்கள்.

சிலையைச் சுற்றி நின்று எல்லாரும் படம் எடுக்கிறார்கள். சரியாகப் பார்ப்பது எப்படி?

நான் கடைப்பிடிக்கும் முறை ஒன்று உண்டு. அந்த ஓவியத்தின் படத்தை முன்னரே கைபேசியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிற்பத்தின் முன் சென்றதும் உடனே அருகில் போகாமல், ஓவியர் நின்றிருக்கக்கூடிய இடத்தைத் தேடுங்கள். இடமோ வலமோ நகர்ந்து, தேவையானால் முழங்காலை மடக்கித் தாழ்ந்து, ஓவியத்தில் யார் யாரை மறைத்து நிற்கிறார்களோ அதே போல் இங்கேயும் மறையும்வரை நகருங்கள். குடை பிடித்த பெண்ணைப் பார்க்க மேட்டின் அடியில்தான் நிற்க வேண்டும். மோனே கீழிருந்து அண்ணாந்து பார்த்தபடியே தீட்டியதால், அந்தப் பெண்ணின் பின்னால் வானம் மட்டுமே இருக்கிறது.

அந்தப் புள்ளி கிடைத்தபின், அதை விட்டு நகர்ந்து சிற்பத்தின் பின்பக்கம் செல்லுங்கள். இத்தோட்டத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஓவியத்துக்கு முன்பக்கம் மட்டுமே உண்டு. பின்பக்கம் என்ன என்று ரெனுவாரும் சொல்லவில்லை, மனேயும் சொல்லவில்லை. சிற்பியோ சொல்லியே ஆக வேண்டும். ரெனுவாரின் விருந்தில் பின்வரிசையில் உயரத் தொப்பி அணிந்த ஒருவர் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். அவர் ஷார்ல் எஃப்ருசி என்னும் கலை ஆய்வாளர் என்பார்கள். ஓவியத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அவர் முகம் நமக்கு முழுதாகக் கிடைக்காது. வெண்கலத்தில் அவருக்கு முகம் வேண்டும், சட்டைக்கு முன்பக்கப் பொத்தான் வேண்டும், நிற்பதற்குக் கால் வேண்டும். தலை மட்டுமே தெரிந்த ஒவ்வொருவருக்கும் உடம்பு வேண்டும். மழை விட்ட ஒரு பிற்பகலில் அந்த மேசைக்குப் பின்னால் நான் நின்றபோது, வெண்கலப் பழங்களின் இடுக்கில் மழைநீர் தேங்கி, அதில் ஒரு மேப்பிள் இலை மிதந்துகொண்டிருந்தது. விருந்தின் அந்தப் பக்கத்தை ரெனுவார்கூடப் பார்த்ததில்லை என்று அப்போது தோன்றியது.

வயதான அப்பா அம்மாவால் நடக்க முடியுமா? குழந்தைகளுக்குச் சலிப்பாக இருக்காதா?

முக்கியப் பாதைகள் அகலமாகவும் பெரும்பாலும் சமமாகவும் இருக்கின்றன. சிறு சந்துகளில் சரளைக் கல்லும் புல்லும் ஏற்ற இறக்கமும் வரும். மூட்டுவலி உள்ளவர்களை அங்கே இழுத்துச் செல்லாமல் குளத்தை ஒட்டிய பகுதியில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் சென்று வரலாம். அமர்வதற்கு இடங்கள் உண்டு. எங்கள் விருந்தினரில் பெரியவர்கள்தாம் மெதுவாக நடந்து கூடுதலாகப் பார்க்கிறார்கள்.

குழந்தைகளைப் பொறுத்தவரை, உட்கார்ந்திருப்பவர்களில் யார் சிலை, யார் ஆள் என்று கண்டுபிடிக்கும் விளையாட்டே போதும். தோட்டத்தில் மயில்கள் தம் விருப்பப்படி திரிகின்றன. அவற்றுக்குத் தீனி போடவோ துரத்தவோ விடாதீர்கள்.

நிர்வாணச் சிலைகள் இருக்கின்றனவாமே? குடும்பத்தோடு போகலாமா?

இருக்கின்றன, போகலாம். முன்பே தெரிந்துகொண்டு போவது நல்லது என்பதற்காகச் சொல்கிறேன்: குளக்கரை விருந்தில், முழு உடை அணிந்த இரண்டு ஆண்களோடு ஒரு பெண் ஆடையின்றி அமர்ந்து நம்மைப் பார்க்கிறார். மனேயின் ‘ஒலிம்பியா’வைத் தழுவிய சிற்பமும் ஜான்சனின் வரிசையில் உண்டு.

பாரிஸில் 1863-இல் அரசு ஏற்பாட்டில் நடந்த ஓவியக் கண்காட்சிக்கான தேர்வில் தள்ளுபடியான படங்களுக்கென்று தனியாக ஒரு காட்சி நடந்தது. ‘புல்வெளியில் மதிய உணவு’ அதில்தான் வைக்கப்பட்டுப் பெரும் கூச்சலுக்கு ஆளாயிற்று. ஆடையில்லாத உடல் அந்நாளைய பாரிஸ் மக்களுக்குப் புதிதன்று. தேவதை, நீர்மகள் என்று பெயரிட்டுவிட்டால் யாரும் முகம் சுளிக்கவில்லை. இவரோ தேவதை அல்லர். அவர்கள் காலத்துப் பெண், பக்கத்தில் அவர்கள் காலத்து உடையில் ஆண்கள், அதற்கு மேல் பார்க்கிறவரின் கண்ணையே திரும்பப் பார்க்கும் பார்வை. கோபத்துக்குக் காரணம் அந்தப் பார்வைதான். தோட்டத்தில் அதன் முன் நிற்கும்போது, வெட்கத்தோடு கண்ணைத் திருப்பிக்கொள்வது நாம்தான், அவர் அல்லர் என்பதைக் கவனியுங்கள். உடன் வந்த பிள்ளைகள் கேட்டால் இந்தக் கதையை அப்படியே சொல்லலாம். நான் சொல்லியிருக்கிறேன், அவர்களுக்குப் புரிந்தது.

தொடலாமா? மேலே ஏறிப் படம் எடுக்கலாமா?

ஏறக் கூடாது, குழந்தைகளையும் மடியிலோ தோளிலோ ஏற்றி உட்கார வைக்கக் கூடாது. விரலோ குடையோ போன்ற மெல்லிய பகுதி எடை தாங்காது, வண்ணமும் உரியும். தொடுவதைப் பற்றி, அந்தந்தச் சிற்பத்தின் அருகிலுள்ள பலகையும் ஊழியர்களும் சொல்வதைக் கேளுங்கள். நம் கையிலுள்ள எண்ணெயும் வியர்வையின் உப்பும் நாளடைவில் வெண்கலத்தின் மேற்பூச்சைத் தின்றுவிடும். ஊரில் கோயில் வாசல் சிற்பங்களில் பலர் கை பட்ட இடம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருப்பதை நாம் பார்த்ததில்லையா, அதுதான். உங்களுக்காகப் படம் எடுத்துக்கொள்வதில் தடையில்லை.

இவை என்ன பொருளால் ஆனவை? சுவாமிமலைச் சிலைகள் மாதிரிதானா?

அடிப்படை ஒன்றே, இரண்டும் மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் உலோகம் நிரம்பும் முறையில் பிறப்பவை. சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் சேர்த்து உருவத்தைக் கையாலேயே செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூட்டில் மெழுகை வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். அந்த மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும் என்பதால் ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான். பெரும்பாலும் உள்ளீடற்றுப் போகாத கனவார்ப்பு அது.

இங்கே களிமண்ணில் செய்த உருவத்தின் மேல் முதலில் ரப்பர் அச்சு எடுக்கிறார்கள். அந்த அச்சுக்குள் மெழுகை மெல்லிய தோல்போலப் படியவைத்து, அதற்குப் பீங்கான் குழம்பால் பல அடுக்கு ஓடு கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றியபின், 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ந்த வெண்கலத்தை வார்க்கிறார்கள். உள்ளே பொள்ளலான வார்ப்பு. துண்டு துண்டாக வார்த்துப் பற்றவைத்து, தையல் தெரியாமல் ராவி எடுப்பார்கள். ஓடு உடைந்தாலும் ரப்பர் அச்சு மிஞ்சும். எனவே ஒரே உருவத்தை மறுபடியும் வார்க்கலாம். ஜான்சனின் சிற்பத்தை வேறோர் ஊரின் தெருவில் கண்டு ‘அங்கே பார்த்தோமே’ என்று வியக்கிறவர்களுக்கு விடை இதுதான்.

வெண்கலத்துக்கு எதற்கு வண்ணம் பூச வேண்டும்? பொம்மை மாதிரி இருக்கிறதே.

வெண்கலம் என்றால் பழுப்பாகவோ பச்சை படிந்தோ இருக்க வேண்டும் என்று நம் கண் பழகியிருக்கிறது. ஆனால் இம்ப்ரெஷனிஸ்டுகளின் முதலீடே வண்ணம்தான். நிழலைக் கறுப்பாகத் தீட்டாமல் நீலமாகவும் ஊதாவாகவும் தீட்டியவர்கள் அவர்கள். அந்தப் படத்தைப் பழுப்பு உலோகத்தில் நிறுத்தினால் அது அவர்களுடையதாக இருக்காது. எனவே ஜான்சன் வண்ணம் பூசியது தேவையை உணர்ந்து செய்ததே.

பொம்மை போலத் தோன்றுவதாக நீங்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. நண்பகல் வெயிலில், நேர் முன்னால், மிக அருகில் நின்றால் சில முகங்கள் விறைப்பாகவே தெரிகின்றன. வண்ணத் திட்டுகளைக் கலந்து முகமாக்கும் வேலையை ஓவியம் நம் கண்ணிடம் விட்டுவிடுகிறது. சிற்பம் அந்த வேலையைத் தானே முடித்துவிடுகிறது. இருபது அடி தள்ளி, இலை நிழல் அவற்றின் மேல் விழும் வேளையில் பாருங்கள். நிழல் நகரும்போது ஆடை அசைவதுபோல் இருக்கும். மேகம் மூடிய நாளில் போனவர்கள் ‘மங்கலாக இருந்தது’ என்று சொல்வதற்கும் காரணம் இதுவே: பூசிய வண்ணம் மாறாதது, அதற்கு உயிர் தருவது அன்றைய வெயில்.

அல்லிக்குளத்தைப் பார்த்தபடி சாப்பிடலாம் என்கிறார்களே?

குளத்தின் கரையில் ‘ராட்ஸ்’ என்ற உணவகம் உள்ளது. எலி என்று பொருள்படும் இந்தப் பெயர், குழந்தைகளுக்கான ஒரு கதையில் வரும் பாத்திரத்திலிருந்து வந்தது. விலை கூடுதல், முன்பதிவு வேண்டும். எங்கள் வீட்டில் பெரும்பாலும் காலை உணவை நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, திரும்பும் வழியில் எடிசன் என்னும் ஊரில் நிறுத்தித் தோசை சாப்பிடுவது வழக்கம்.

எல்லாம் சரி, இது வெறும் நகல்தானே? மூலத்தை விட்டுவிட்டு நகலை ஏன் பார்க்க வேண்டும்?

கேட்கத் தகுந்த கேள்வி. மனேயின் விருந்துக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். அதில் அமர்ந்திருக்கும் மூவரின் அமர்ந்த விதமும் கையும் காலும், இத்தாலிய ஓவியர் ரஃபேல் வரைந்த உருவை வைத்து மார்க்கந்தோனியோ ரைமொந்தி 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செதுக்கிய அச்சுப்படம் ஒன்றின் மூலையில் உள்ள மூன்று உருவங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. ஆடை அணிந்த ஆண்களும் ஆடையற்ற பெண்களும் வெட்டவெளியில் கூடியிருக்கும் பழைய வெனிஸ் ஓவியம் ஒன்றை மனே லூவர் அருங்காட்சியகத்தில் பார்த்திருந்தார். முன்னோரின் உருவத்தை எடுத்துத் தன் காலத்தில் வைப்பதுதான் அவரும் செய்தது. ஜான்சன் அந்தச் சங்கிலியில் இன்னொரு கண்ணி.

நகல் என்றால் மூலத்தில் இருப்பது மட்டுமே இருக்க வேண்டும். மேலே பார்க்கும் முறை பற்றிச் சொன்ன விடையில் தொப்பிக்காரரின் முகத்தைக் குறிப்பிட்டேனே, அதை எந்த மூலத்திலிருந்து நகலெடுப்பது? இன்னொன்றும் உண்டு. மனேயின் படத்தில் பின்னால் நீரில் குனிந்திருக்கும் பெண், அவ்வளவு தொலைவில் இருப்பவருக்கு இருக்க வேண்டிய அளவைவிடப் பெரியவராகத் தெரிகிறார்; மனேக்கு அளவு தெரியவில்லை என்று அன்று பழித்தார்கள். ஓவியச் சீலையில் இதை இரு வகையாகவும் விட்டுவைக்கலாம். நிலத்தில் முடியாது. அவரை இத்தனை அடி தூரத்தில், இந்த உயரத்தில் வைப்பது என்று சிற்பி ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். அந்த முடிவு ஓவியத்துக்கு எழுதிய உரை போன்றது. உரையோடு உடன்படலாம், மறுக்கலாம், ஆனால் அதை நகல் என்று தள்ள முடியாது.

இப்படிச் செய்வதற்கு அனுமதி வேண்டாமா?

மனே 1883-லும் ரெனுவார் 1919-லும் மோனே 1926-லும் மறைந்தவர்கள். அவர்களின் இந்த ஓவியங்கள் மீதான காப்புரிமைக் காலம் முடிந்து, அவை பொதுவுடைமை ஆகிவிட்டன. ஜான்சனின் சிற்பங்கள் அப்படியல்ல. நீங்கள் எடுக்கும் படத்தை வணிகத்துக்குப் பயன்படுத்த எண்ணினால் தோட்டத்தாரிடம் முன்னரே அனுமதி பெற வேண்டும்.

கலை விமர்சகர்கள் இவரை மதிப்பதில்லை என்று படித்தேன். அப்படியும் போக வேண்டுமா?

நீங்கள் படித்தது சரி. 2003-இல் வாஷிங்டனில் இருந்த கார்கரன் கலைக்கூடத்தில் இந்தச் சிற்பங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது விமர்சகர்கள் மிகக் கடுமையாக எழுதினார்கள். ஓவியத்தில் குறிப்பாக விட்டதையெல்லாம் வெளிப்படையாக்கி, பார்ப்பவரின் கற்பனைக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை என்பது அவ்வகை எதிர்ப்பின் சாரம். முகங்களின் விறைப்பு பற்றி மேலே நானே ஒப்புக்கொண்டிருக்கிறேன். அந்த அளவில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் கூரையும் சுவரும் உள்ள கூடத்தில் இவற்றை வைத்துப் பார்ப்பதும், வெட்டவெளியில் பார்ப்பதும் ஒன்றல்ல. வெளியே வந்து தீட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்களின் ஓவியங்கள் இன்று ஈரப்பதமும் ஒளியும் அளந்து வைக்கப்பட்ட அறைகளில் இருக்கின்றன. அதுவே அவற்றுக்குப் பாதுகாப்பு. இங்கே அதே விருந்தின் மேல் உண்மையான காற்று வீசுகிறது, மேசை மேல் எறும்பு ஊர்கிறது, குடை பிடித்த பெண்ணின் நிழல் காலையில் மேற்கே விழுந்து மாலையில் கிழக்கே நீள்கிறது. இதுவரை எந்த ஓவியக்கூடத்துக்கும் போயிராத என் உறவினர் பலர், இந்தத் தோட்டத்தில் நடந்த பிறகு ‘அந்தப் படம் எங்கே இருக்கிறது?’ என்று தாமாகவே கேட்டிருக்கிறார்கள். எனக்கு அது பெரிது.

அந்தப் படங்கள் எங்கே இருக்கின்றன? முதலில் ஓவியமா, சிற்பமா?

ரெனுவாரின் விருந்து ஓவியத்தை 1923-இல் கலைச் சேகரிப்பாளர் டங்கன் ஃபிலிப்ஸ் வாங்கினார். அது வாஷிங்டனில் உள்ள ஃபிலிப்ஸ் கலெக்‌ஷனில் இருக்கிறது. குடையுடன் உள்ள பெண் அதே நகரில் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறார். அவர் மோனேயின் மனைவி கமீல், ஓவியத்தில் சற்றுத் தள்ளி நிற்கும் சிறுவன் அவர்களுடைய மகன் ழான். சாந்த் அத்ரெஸ் தோட்டம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. மனேயின் இரண்டு படங்களுக்கும் பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.

முதலில் சிற்பம், பிறகு ஓவியம் என்பதே நான் சொல்லும் வரிசை. விருந்தின் பின்பக்கம் வரை சுற்றி வந்த ஒருவர் ரெனுவாரின் முன் போய் நின்றால், முதுகு காட்டி நிற்கும் அந்த மனிதரைக் கண்டதுமே அடையாளம் கண்டுகொள்வார். ரெனுவார் எவ்வளவு குறைவாகத் தீட்டி எவ்வளவு சொல்லியிருக்கிறார் என்பதும் அப்போதுதான் தெரியும். நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு வாஷிங்டன் வேண்டாம். ஹாமில்டனிலிருந்து காரில் அரை மணி நேரத் தொலைவிலுள்ள பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் மோனே 1899-இல் தீட்டிய ‘அல்லிகளும் ஜப்பானியப் பாலமும்’ இருக்கிறது. அன்று அது சுவரில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொண்டு, காலையில் தோட்டத்துக் குளத்தையும் பிற்பகலில் அந்த ஓவியத்தையும் பாருங்கள். பாலத்தின் கீழே இலை எது, நீர் எது, நீரில் தெரியும் மரம் எது என்று பிரிக்க முயன்றுகொண்டே அதன் முன் அரை மணி நேரம் நிற்கலாம்.